நானூற்றுப் பதினேழாவது கம்பம்

"சதி பண்ணுகவன் லிஸ்டு போட்டா, முதல் டெலிபோன் போஸ்டா போலீஸ் கேம்ப் வாசல்ல நிக்குற போஸ்டையா எழுதுவான்?" ஜெஸி கையிலிருந்த தாளை மேஜைமேல் அறைந்தாள். "ரெண்டாவது போஸ்டுல இன்ஸ்பெக்டரு குளிச்சுட்டுத் தோர்த்து காயப் போடுகாரு மாமா. வாத்தியாரு அதையும் அறுப்பாராம்."

ராஜையா சிரிக்கவில்லை. பாறசாலைச் சந்தை முக்கில், அரிசிக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில்தான் அவருடைய துப்பறியும் தொழில் நடந்தது. எட்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவர். சும்மா நின்றவர்களை அடித்துப்போட்டுவிட்டு "கலகக்காரர்கள்" என்று எழுதச் சொன்ன அன்றைக்கே பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தார். ஜெஸி அவருடைய அக்காள் மகள், டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியவள். மாமா பத்து நிமிஷம் யோசித்துச் சொல்வதை அவள் யோசிக்காமலே சொல்லிவிடுவாள். பாதி நேரம் அது தப்பாக இருக்கும், அதற்காக அவள் வாயை மூடிக்கொண்டதும் கிடையாது.

எதிரே நாற்காலி நுனியில் தங்கபாய் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் ரெத்தினதாஸ் கணக்கு வாத்தியார். இப்போது போலீஸ் கேம்பில் இருக்கிறார்.

ஐம்பத்துநாலாம் வருஷம் அது. மலையாள ஆட்சியில் இருந்த தமிழ் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கூட்டம் போட்ட ஊரிலெல்லாம் தடியடி. செவ்வாய்க்கிழமை காலையில், பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற டெலிபோன் கம்பியை நூற்று அறுபத்துமூன்றாவது கம்பத்தில் யாரோ அறுத்துவிட்டார்கள். புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இன்ஸ்பெக்டர் ராஜப்பனின் ஆட்கள் ரெத்தினதாஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வீட்டில் கைப்பற்றியது என்று ஒரு தாளையும் கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். தாளில் அவர் கையெழுத்தில் பதினாறு எண்கள். பதினாறும் அறுக்க வேண்டிய கம்பங்களின் எண்கள் என்பது போலீஸ் தரப்பு வாதம்.

இன்றைக்கு வியாழன். மாலை நாலு மணிக்கு நெய்யாற்றின்கரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, அங்கிருந்து திருவனந்தபுரம் ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள். சதி வழக்கு என்று முத்திரை குத்தியாகிவிட்டது. நிரூபித்துவிட்டால் ஏழு வருஷம்.

காலையில் கோர்ட்டு குமாஸ்தாவின் காலைப் பிடித்து ராஜையா வாங்கி வந்த நகல்தான் மேஜைமேல் கிடந்தது:

1, 2, 11, 22, 36, 84, 101, 152, 156, 163, 170, 202, 208, 225, 228, 417.

தங்கபாய் அழவில்லை. அழுகிற கட்டத்தை அவள் நேற்றே தாண்டிவிட்டாள். கேம்பில் ஒரு நிமிஷம் கம்பி வழியாகப் பார்க்க விட்டார்களாம். இடது கையில் வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தாராம். என்ன என்று கேட்பதற்குள் பிடித்துத் தள்ளிவிட்டார்களாம்.

"வலது கை?" என்றார் ராஜையா.

"அதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே."

ராஜையா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பியபோது அவர் முகம் கறுத்திருந்தது.

"எழுதுகதுக்கு அந்தக் கை வேணும்லா. அதுனாலயாக்கும் அதை விட்டு வச்சிருக்கானுவ."

ஜெஸிக்கு நாக்கு நுனியில் ஒரு கேலி இருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டாள். வீட்டில் கைப்பற்றிய தாளாம். இடது கையை நசுக்கி, வலது கையால் எழுத வைத்து வாங்கிய தாள்.

ஆனால் கோர்ட்டில் இதை வாயால் சொன்னால் மட்டும் ஆயிற்றா. சாட்சி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் பலகையில் போடுகிற பாட்டு நம்பராக இருக்குமோ என்று ஜெஸி கேட்டுப் பார்த்தாள். தங்கபாய் அப்போதுதான் அந்தத் தாளை முதல்முறையாகக் கையில் எடுத்தாள். எடுத்தவள் பாதியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது பாட்டும் இல்ல, போஸ்டும் இல்ல. அவருக்க நேர்மை நம்பருகளாக்கும்."

அவள் சொன்ன விஷயம் இதுதான். ரெத்தினதாஸுக்கு ராத்திரிச் சாப்பாடு முடிந்தால் ஒரு பைத்தியம் உண்டு. ஒரு எண்ணை எடுப்பார். அதன் இலக்கங்களைக் கூட்டுவார். பிறகு அந்த எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கிற எண்கள் எத்தனை என்று எண்ணுவார். இரண்டும் ஒன்றாக வந்தால் அது நேர்மையான எண். வெளியே காட்டுவதும் உள்ளே இருப்பதும் ஒன்று என்பார். முப்பத்தாறை எடுத்தால், மூன்றும் ஆறும் ஒன்பது. அதை வகுக்கிறவை 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36. அதுவும் ஒன்பது. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுப்பாராம்.

ஜெஸி பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள். எண்பத்துநாலு: கூட்டினால் பன்னிரண்டு, வகுக்கிறவையும் பன்னிரண்டு. நூற்று ஐம்பத்திரண்டு: எட்டு, எட்டு. நூற்று ஒன்று: இரண்டு, இரண்டு. ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே போனவள் நூற்று அறுபத்துமூன்றில் நின்றாள். அந்த எண்ணை ஒன்றும் அதுவும் தவிர வேறெதுவும் வகுக்கவில்லை.

"வெளியே பத்து, உள்ளே ரெண்டு. நம்ம இன்ஸ்பெக்டரைப் போல," என்றாள். "இதை வாத்தியாரு எழுதல்ல மாமா. எழுத வச்சிருக்கானுவ."

கடைசியில் இருந்த நானூற்றுப் பதினேழும் சேரவில்லை. கூட்டினால் பன்னிரண்டு. வகுப்பவை 1, 3, 139, 417, ஆக நாலே நாலு.

தங்கபாய் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ரெத்தினதாஸின் கணக்கு நோட்டு. போலீஸ் அவர் வீட்டை நிஜமாகவே சோதனை போட்டிருந்தால் அலமாரியில் முதலில் கண்ணில் படுவது அதுதான். செவ்வாய்க்கிழமை ராத்திரித் தேதி போட்டு, 208-ஐ வட்டமிட்டு நிறுத்தியிருந்தார். நூற்று அறுபத்துமூன்று அதில் இல்லை. 225-ம் 228-ம் கூட இல்லை.

அந்த இரண்டும் நேர்மையான எண்களா என்று ஜெஸி போட்டுப் பார்த்தாள். நேர்மையானவைதான். அப்படியென்றால் அந்த மனுஷன் போலீஸ் கேம்பில், ஒரு கை நசுங்கிக் கிடக்க, இருநூற்றெட்டுக்கு மேலே ஒவ்வொரு எண்ணாக மனசுக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார். போஸ்ட் நம்பர் எழுது என்று அடித்தவர்களுக்குத் தன் நேர்மை எண்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்களுக்கு 163 இருந்தால் போதும். மற்றதைப் பார்க்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது.

"செரி, 163 அவனுவ சொன்னது," என்றார் ராஜையா. "417 யாரு சொன்னது?"

பத்தரை மணி பஸ்ஸில் ராஜையாவும் ஜெஸியும் வெள்ளறடைக்கு ஏறினார்கள். தங்கபாயை நேரே நெய்யாற்றின்கரைக்குப் போகச் சொன்னார்கள்.

டெலிபோன் கம்பங்கள் ரோட்டோடு கூடவே வந்தன. ஒவ்வொன்றிலும் தகரத்தில் எண் அடித்திருந்தது. 163 பனச்சமூட்டுக்கு முன்னாலேயே, ஒரு ரப்பர் தோட்டத்து ஓரம் நின்றது. இறங்கினார்கள். எதிரே மரச்சீனிக் கிழங்கு குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்த அம்மிணி என்பவளிடம் ராஜையா விசாரித்தார். அவள் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் போலீஸைத் திட்டித் தீர்த்தாள். அந்தச் சாரை எனக்குத் தெரியும், தினமும் காலையில் சைக்கிளில் இந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போவார், எறும்பைக்கூட மிதிக்காத மனுஷன் என்றாள். கம்பி அறுத்ததை அவள் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்குக் கடை போட வந்தபோது அறுந்திருந்ததைத்தான் பார்த்திருக்கிறாள்.

"தரையில கிடந்ததா?" என்றார் ராஜையா.

கிடக்கவில்லையாம். அறுந்த கம்பியை அழகாக வளையம் வளையமாகச் சுருட்டி, முடிச்சுப் போட்டு, கம்பத்து ஆணியில் மாட்டியிருந்ததாம்.

"நம்ம ஆளுகளாக்கும் அறுத்ததுன்னா, அந்தக் கம்பி இந்நேரம் யாரு வீட்டுலயாவது துணி காயப் போடுக கொடியாட்டு இருக்கும்," என்றாள் அம்மிணி.

ராஜையா அந்த ஆணியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வெள்ளறடைவரை போயே ஆக வேண்டும் என்றார். அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெள்ளறடையில் கடைசிக் கம்பம் போலீஸ் அவுட்போஸ்டின் சுவரை ஒட்டி நின்றது. அதன் தகரத்தில் 284 என்றிருந்தது. அதற்கு மேலே லைனே கிடையாது.

"நானூத்திப் பதினேழாவது போஸ்டு வேணும்னா அகஸ்தியர் மலைக்கு மேலே ஏறித் தேடணும்," என்றாள் ஜெஸி. "அங்க ஏறி அறுத்தா முனிவருக்கு மட்டும்தான் போன் போவாது."

ராஜையா முதல்முறையாகச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. கோர்ட்டில் நான் ஜாடை காட்டுகிற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது என்றார். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு எனக்குத் தனிக் கூலி உண்டு மாமா என்றாள் அவள்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் அவர்கள் நுழைந்தபோது மணி நாலடிக்க ஐந்து நிமிஷம். ரெத்தினதாஸ் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே நின்றார். முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. இடது கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். இன்ஸ்பெக்டர் ராஜப்பன் மடிப்புக் கலையாத காக்கியில், கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல மலர்ந்திருந்தார். அந்த மலர்ச்சியைப் பார்க்கப் பார்க்க ஜெஸிக்குக் கை பரபரத்தது.

இன்ஸ்பெக்டர் தன் அறிக்கையை மலையாளத்தில் படித்தார். பதினாறு எண்களும் வெள்ளறடை லைனின் கம்பங்கள் என்று சத்தியம் பண்ணினார். மாஜிஸ்திரேட் வயதானவர், யாரையும் அவசரப்படுத்தாதவர். வாத்தியாருக்கு வக்கீல் உண்டா என்று கேட்டார். வக்கீல் வைக்க நேரமே கொடுக்கவில்லை, நான்தான் பேச வேண்டும் என்று தங்கபாய் எழுந்தாள். மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார்.

தங்கபாய் முப்பத்தாறில் தொடங்கினாள். இலக்கங்களைக் கூட்டச் சொன்னாள், வகுக்கிறவற்றை எண்ணச் சொன்னாள். பெரியவருக்கு அது பிடித்துப்போயிற்று. பென்சிலை எடுத்து 84-ஐத் தாமே போட்டார், பிறகு 152-ஐ. புருவம் உயர்ந்தது. தங்கபாய் நோட்டை நீட்டினாள். அதில் இல்லாத 163 இதில் எப்படி வந்தது என்று இன்ஸ்பெக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றாள்.

ராஜப்பன் அசரவில்லை. இவர் கணக்கு வாத்தியார், கணக்குக்குள்ளே சதியை ஒளித்து வைக்கத் தெரிந்தவர், அதனால்தான் இவரைப் பிடித்தோம் என்றார். கேஸ் இன்னும் பலமாயிற்று என்பது போலப் பேசினார். மாஜிஸ்திரேட் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். தங்கபாய் ராஜையாவைத் திரும்பிப் பார்த்தாள்.

ராஜையா எழுந்து, ஒரே ஒரு கேள்விக்கு அனுமதி கேட்டார்.

"நானூத்திப் பதினேழும் போஸ்டு நம்பருதானா இன்ஸ்பெக்டர் சார்?"

"சந்தேகம் என்ன? போஸ்டுதான்," என்றார் ராஜப்பன்.

ராஜையா ஜாடை காட்டினார். வெள்ளறடை லைன் 284-இல் முடிகிறது, கண்ணால் பார்த்துவிட்டு வருகிறோம், ஆள் அனுப்பி எண்ணிப் பார்க்கலாம் என்று ஜெஸி ஒரே மூச்சில் கொட்டினாள். ராஜப்பனின் மலர்ச்சி கொஞ்சம் வாடியது. வேறு லைனாக இருக்கும் என்றார். கொஞ்ச நேரம் முன்னால் சத்தியம் பண்ணியது வெள்ளறடை லைன் என்றுதானே என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நானூத்திப் பதினேழு வெள்ளறடையில இல்ல, எசமானே," என்றார் ராஜையா. "இந்த ரூமுக்குள்ள நிக்குது."

ராஜையா கையை நீட்டினார். ரெத்தினதாஸின் வலது பக்கம் நின்ற கான்ஸ்டபிளின் தோளில் பித்தளை எண் பளபளத்தது. நாலு, ஒன்று, ஏழு.

அவன் பெயர் பொன்னுதாஸ். வாத்தியாரின் அதே ஊர், அதே கோயில், அதே பள்ளிக்கூடம். ஜெஸிக்கு இரண்டு வயது மூத்தவன், அவளுக்கு முகம் தெரிந்தவன். இவ்வளவு நேரமும் அவனை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அந்தப் பித்தளையை மட்டும் பார்க்கவில்லை. தலையில் நாலு குட்டுக் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ராஜையா நிதானமாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை கம்பியை அறுத்தவன் சர்க்கார் ஆள். ஊர்க்காரன் என்றால் கம்பியைக் கொண்டு போயிருப்பான், இல்லாவிட்டால் விட்டெறிந்துவிட்டு ஓடியிருப்பான். அறுத்ததைச் சுருட்டி முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டுகிற புத்தி காக்கி போட்டவனுக்கு மட்டும்தான் வரும். எட்டு வருஷம் நானும் அந்த வேலை பார்த்தவன்தான். அப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போன ரெத்தினதாஸ் அதைப் பார்த்துவிட்டார். பார்த்த சாட்சியைப் பிடித்து அதற்கே குற்றவாளி ஆக்கிவிட்டார் இன்ஸ்பெக்டர். கேம்பில் வாய் திறந்தால் உயிர் மிஞ்சாது என்று தெரிந்து, கேட்ட தாளிலேயே ஆளின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டார் வாத்தியார். அதைப் போலீஸே கோர்ட்டுக்குக் கொண்டுவந்தும் கொடுத்துவிட்டது.

ராஜப்பன் கத்தத் தொடங்கினார். மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டி அவரை உட்கார வைத்தார். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்து, இந்த வாத்தியாரிடம் படித்தாயா என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினான். அந்தக் கணக்குத் தெரியுமா என்றார். அதற்கும் தலையை ஆட்டினான்.

"உன் நம்பர் அதில் சேருமா?"

பொன்னுதாஸ் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். வாத்தியாரைப் பார்க்கவில்லை.

"சேராது எசமானே. கூட்டினா பன்னெண்டு. வகுக்கது நாலு."

"இந்தத் தாளை நீ முன்பே பார்த்திருக்கிறாயா?"

"நேத்து மத்தியானம் நானாக்கும் அதைப் பைலுல வச்சு கட்டினது. வாசிச்ச உடனே தெரிஞ்சுது, சாரு என்னையச் சொல்லுகாருன்னு." அவன் தொப்பியைக் கழற்றினான். "கம்பியை அறுக்கச் சொன்னது இன்ஸ்பெக்டரு. கவர்மெண்டு சாமானமாக்கும், தூரக் களைய மனசு வரல்ல. சுருட்டி வச்சேன்."

அதன்பிறகு கோர்ட்டில் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பொன்னுதாஸ் சொன்னதை மாஜிஸ்திரேட் தாமே எழுதிக் கையெழுத்து வாங்கினார். ராஜப்பனை வெளியே போகக் கூடாது என்று உட்கார வைத்து, அவருடைய மேலதிகாரிக்கு ஆள் அனுப்பினார். ரெத்தினதாஸை அப்போதே விடச் சொன்னார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். காலையிலிருந்து சேர்ந்திருந்த கொதிப்பு ஜெஸிக்குள் கொஞ்சம் அடங்கியது. ராஜப்பனைக் கடந்து போகும்போது, தோர்த்தை எடுத்து வச்சிருங்க சார், மழை வருது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

வராந்தாவில் பொன்னுதாஸ் ஓடி வந்து முன்னால் நின்றான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். இருபத்தைந்து வயது ஆள், அழுதுகொண்டிருந்தான்.

"சாரே, நான் உங்க மேல கை வைக்கல்ல. ஒரு அடி அடிக்கல்ல. அது சாருக்கே தெரியும்."

ஜெஸிக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. எப்படியும் கடைசியில் உண்மையைச் சொன்னான் அல்லவா. வாத்தியாரும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தாள். ரெத்தினதாஸ் அவனையே பார்த்தார். இரண்டு நாளாக அவர் பேசாமல் வைத்திருந்த குரல் கரகரவென்று வந்தது.

"நீ அடிக்கல்ல. வாசல்ல காவலு நின்ன." மார்போடு அணைத்திருந்த இடது கையை நீட்டி, துணியை மெல்ல விலக்கினார். ஜெஸி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாத்துக்க. இந்த ரெண்டு விரலு, நான் எழுதுகதுக்கு முன்ன போச்சு. இந்த மூணாவது விரலு, கூட்டாளிக்க பேரு சொல்லல்லன்னு நேத்து சாயங்காலம் போச்சு. நீ வாசிச்ச பிறகாக்கும் அது."

பொன்னுதாஸ் அங்கேயே நின்றான். தங்கபாய் துணியைத் திரும்பச் சுற்றி, புருஷனைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ராஜையா ஆஸ்பத்திரிக்கு வண்டி பார்க்கப் போனார். ஜெஸி பொன்னுதாஸைத் தாண்டி, தங்கபாய்க்குப் பின்னால் படியிறங்கினாள்.